பெரியம்மாவின் பத்து எண்ணிக்கை

தூத்துக்குடியில் ஒரு மாடியில் ஜெனோவா நடத்துகிற கேம் சென்டருக்கு வருகிறவர்கள் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாநிலப் போட்டியில் இரண்டு தடவை ஜெயித்தவள். வயது இருபத்தொன்பதுதான், ஆனால் எல்லோருக்கும் அவள் மாஸ்டர். அவளைவிடப் பத்து வயது மூத்த சேர்மக்கனிக்கும் மாஸ்டர்தான்.

அவளோ அவனை அண்ணே என்பாள். குரு சிஷ்யனை அண்ணே என்று கூப்பிடுவது எந்த ஊர் வழக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மாடியில் அப்படித்தான்.

அங்கே எல்லோரையும் கட்டிப்போட்டிருந்தது ஒரே விளையாட்டு. நம் கையில் ஒரு சின்னப் போர்க்கப்பல். எதிரே, வேறு ஏதோ கிரகத்திலிருந்து வந்த ராட்சதக் கப்பல். அதற்குக் கம்பெனிக்காரன் வைத்த பேர் வெறும் எழுத்தும் எண்ணும், வாயில் நுழையாது. நம்ம ஆட்கள் வைத்த பேர் பெரியம்மா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சேர்மக்கனி பெரியம்மாவிடம் இருநூற்றுப் பதினேழாவது தடவையாகத் தோற்றான். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பெரியம்மாவை வீழ்த்துகிறவர்தான் சென்டர் சார்பாகக் கோயம்புத்தூர் போட்டிக்குப் போக முடியும். இந்தத் தடவையும் முடியவில்லை என்றால் அந்த மாடிப்படியே ஏறமாட்டேன், மச்சினனின் டைல்ஸ் கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்று மனைவி பொன்செல்வியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அதை மறக்கவிடுகிற ஆள் இல்லை பொன்செல்வி. இவனுக்கோ உலகத்தில் பிடித்த காரியம் இது ஒன்றுதான்.

“மாஸ்டர், இவள எப்படித்தான் வீழ்த்துறது?”

“அவகிட்ட என்னென்ன ஆயுதம் இருக்கு? சொல்லுங்கண்ணே.”

கேட்க வேண்டியதுதான் தாமதம். கடகடவென்று ஒப்பித்தான்.

“முதல்ல எட்டு தேனீ விடுவா. குட்டிக் குட்டிக் கப்பலுங்க. அது நம்மளக் கொல்றதுக்கு இல்ல, இடது மூலைக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு. அங்க நீல வலை விரிச்சு வச்சிருப்பா. வலைக்குத் தப்பி மேல போனா மூக்குலேர்ந்து வெள்ளைக் கோடு ஒண்ணு பாயும். பட்டா சாம்பல். நாம குண்டு போட்டா கண்ணாடியத் திருப்புவா, நம்ம குண்டு நமக்கே வந்துரும். மூணு தடவ வலப்பக்கமா அடிச்சுப் பாருங்க, நாலாவது தடவ நாம அடிக்கும் முன்னாடியே கண்ணாடி அங்க வந்து நிக்கும்!”

தோற்கடித்தவளைப் பற்றிப் பேசும்போது ஒருவனுக்கு இவ்வளவு பெருமை வருமா? அவனுக்கு வந்தது.

“ஒண்ணு கவனிச்சீங்களா மாஸ்டர்? அவ யாரையும் துரத்துறதே இல்ல. நாமளாத்தான் போய் விழுறோம். என்னா மூளை!”

“எல்லாம் சரி. உங்களச் சாம்பலாக்கின பிறகு அவ என்ன செய்வா?”

சேர்மக்கனி விழித்தான்.

“பிறகா? பிறகு நான்தான் இல்லையே மாஸ்டர்!”

ஒரு ஆட்டத்துக்கு நமக்கு மூன்று கப்பல். ஒன்று போனதும் திரையின் மூலையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும். பூச்சியம் வருவதற்குள் பட்டனை அழுத்தினால் அடுத்த கப்பல் வரும். அழுத்தாவிட்டால் ஆட்டம் காலி. அதனால் அந்த சென்டரில் ஒன்பது என்ற எண்ணைப் பார்த்தவர்களே குறைவு. சேர்மக்கனியின் விரல், வெடித்த சத்தம் அடங்குமுன்பே பட்டன்மேல் இருக்கும்.

ஜெனோவா ஃப்ளாஸ்க்கைத் திறந்து இரண்டு கிளாசில் விளிம்பு வரை டீ ஊற்றினாள்.

“ஆடுங்க.”

ஆடினான். தேனீக்கள் ஓட்டின, வலைக்குத் தப்பினான், கோடு முடித்தது. விரல் பட்டனுக்குப் போகுமுன் அவள் ஒரு கிளாசை அவனுடைய இடது கையில் திணித்தாள், இன்னொன்றை வலது கையில்.

“மாஸ்டர்! எண் ஓடுது!”

“ஓடட்டும்.”

“கை சுடுது!”

“சிந்தாமப் பிடிங்க. அங்க பாருங்க.”

வேறு வழி? பார்த்தான்.

எட்டில் நீல வலை சுருண்டு உள்ளே போனது. ஏழில் கண்ணாடி மடங்கியது. ஆறில் தேனீக்கள் திரும்பின. ஏழு தேனீ வந்தாயிற்று. பெரியம்மா அசையவில்லை. அவன் சுட்டதில் சிறகு கருகிய எட்டாவது தேனீ தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தது. அதற்காக நின்றாள். அதுவும் வந்து ஒட்டிக்கொண்ட பிறகு, மூன்றில், அவளுடைய அடிவயிறு மெல்லத் திறந்தது. உள்ளே சிவப்பாக ஒன்று துடித்தது. அத்தனை நேரம் சண்டை போட்ட சூட்டை ஆற்றிக்கொள்கிறாள். ஆயுதம் ஒன்றுகூட வெளியே இல்லை. ஒன்றில் மூடிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்தது என்றது திரை. சேர்மக்கனிக்குக் கை சுட்டதே மறந்துபோயிருந்தது.

“அடேயப்பா... என்ன அழகா இருக்கா! இத்தன நாளா நான் அவள மூச்சு விடவே விடலையே மாஸ்டர்.”

“டீ ஆறுது. குடிங்க.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாடி நிறையக் கூட்டம். பொன்செல்வியும் வந்து சுவரோரம் நின்றாள். முதல் கப்பல் போனது. பாழாய்ப்போன விரல் பழக்கதோஷத்தில் பத்திலேயே அழுத்திவிட்டது. இரண்டாவது கப்பலும் போனது. இனி ஒன்றே ஒன்று.

சேர்மக்கனி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

ஒன்பது. எட்டு.

“அண்ணே, அழுத்துங்கண்ணே!” கூட்டம் கத்தியது. ஆறு. ஐந்து. வாக்கு வாங்கினவளே பொறுக்கமாட்டாமல், “ஐயோ, அழுத்துங்களேன்!” என்று கூவினாள். நான்கு. கடைசித் தேனீயும் வீடு வந்து சேர்ந்தது.

மூன்று. அழுத்தினான். பெரியம்மாவின் திறந்த வயிற்றுக்கு நேரே அவனுடைய சின்னக் கப்பல் வந்து நின்றது. ஒரே குண்டு.

அவள் இரண்டாகப் பிளந்தாள். மாடி அதிர்ந்தது. பொன்செல்வி முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். சேர்மக்கனி மட்டும் குதிக்கவில்லை. தன்னையறியாமல் திரையைப் பார்த்துக் கை கூப்பியிருந்தான்.

கூட்டம் கலைந்ததும் ஜெனோவாவிடம் வந்தான்.

“மாஸ்டர், நீங்க இதக் கண்டுபிடிச்ச அன்னிக்கு உங்க கையில டீ கிளாசக் குடுத்தது யாரு?”

“யாரும் குடுக்கலண்ணே. தோத்துட்டு அழுதுட்டு இருந்தேன். கண்ணத் துடைக்கவே ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு.”