அரண்மனைக் கல்லில் விளைந்த மண்

முன்னொரு காலத்தில், மண்ணை ஆண்டால் மட்டும் போதாது, மண்ணை உண்டாக்கவும் வேண்டும் என்று ஆசைப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். ராஜாவுக்கு ஆசை வந்தால் அடுத்தவனுக்குத்தானே தலைவலி! இந்தத் தலைவலி வந்து சேர்ந்தது, சபை விகடன் விருத்தகிரிக்கு.

"செம்மண், கரிசல், மணல் எல்லாம் தானாக உண்டானவையாமே! என் ஆணைக்கு ஒரு பிடி மண்ணாவது உண்டாக வேண்டாமா?" என்றார் ராஜா.

அரண்மனை மராமத்து அதிகாரி பராங்குசருக்கு விருத்தகிரியைக் கண்டாலே ஆகாது. உடனே தூபம் போட்டார். "விருத்தகிரியின் மூளைக்கு இது எம்மாத்திரம், பிரபு?"

"நல்லது. விருத்தகிரி! என் அரண்மனைக் கல்லின் மேலேயே விளைந்த மண்ணை ஏழாம் நாள் எனக்குக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒருவரும் ஒரு பிடிகூடச் சுமந்து வரக் கூடாது. தவறினால் நாட்டைவிட்டே போய்விடு."

விருத்தகிரி தலையைச் சொறிந்துகொண்டே நடந்தான். பிறந்த ஊரை விட்டுவிட்டு இந்த வயதில் எங்கே போவது? வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி தையல்நாயகி பொரிந்து தள்ளினாள்.

"நல்லா மாட்டிக்கிட்டீங்க! ஒரு கல்லை உரல்ல போட்டு இடிச்சுக் காட்டுங்களேன்."

"இடிச்சா வெறும் தூள்தாண்டி வரும். வெயிலும் மழையும் கல்லை அரிக்கணும், பாசி பிடிக்கணும், இலையும் எச்சமும் விழுந்து மக்கணும். அப்பத்தான் அது மண்ணு. ஏழு நாள்ல நடக்கிற காரியமா?"

"எச்சத்துக்கா பஞ்சம்? அரண்மனை மாடியில புறா போட்ட எச்சத்துல அரசங்கன்னு ஆள் உசரம் நிக்குது. தெருவுல போறவங்கெல்லாம் சிரிக்கிறாங்க."

விருத்தகிரி அவளையே பார்த்தான். பிறகு, "நீ சோத்தைப் போடு" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஏழாம் நாள் ராஜாவையும் சபையையும் அரண்மனை மாடியின் கல் தளத்துக்கு அழைத்துப் போனான். மாமரக் கிளை கவிந்த வடக்கு மூலையில் நாலு விரல் ஆழத்துக்குக் கறுப்பு மண். கிளறினால் புழு நெளிந்தது. நாள் முழுக்க வெயில் காயும் தெற்கே, ஊதினால் பறக்கிற வெளிறிய பொடி. மழைத் தண்ணீர் வடிகிற பக்கம் வண்டல்.

"ஒரே கல்தான், பிரபு. நிழலும் நீரும் மாறியதால் மூன்று விதமாக விளைந்திருக்கிறது. மனிதர் யாரும் சுமக்கவில்லை. காற்று கொண்டுவந்தது, மரமும் புறாவும் கொடுத்தன, மழை குழைத்தது."

பராங்குசர் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார். ராஜா அவர் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தளத்தைப் பெருக்க வைப்பது உம்முடைய பொறுப்பல்லவா? எத்தனை வருடமாகப் பெருக்கவில்லை?"

"ப... பன்னிரண்டு வருடம், பிரபு."

விருத்தகிரி குறுக்கே வந்து கும்பிட்டான். "அவரைக் கோபிக்காதீர்கள், பிரபு. மண் விளைய வேண்டுமானால் வருடக்கணக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த வேலையை இவரைவிடச் சிறப்பாகச் செய்ய நம் ராஜ்யத்தில் ஆளே கிடையாது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாடு கடத்தும் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விருத்தகிரிக்குப் போட்டார். பராங்குசரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவருக்கு ஒரு துடைப்பமும் ஒரு கூடையும் கிடைத்தன.