இரண்டு பிரதிகள் அனுப்பவும்

ஒரு வாரப் பத்திரிகை ஆபீசுக்கு ஒரு கவிதைப் புத்தகம் வந்தது. மதிப்புரை வேண்டுமென்றால் இரண்டு பிரதி அனுப்ப வேண்டும், அது அங்கே சட்டம். ஒன்றைப் படிக்கவே ஆளைக் காணோம், இரண்டு எதற்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது.

ஒரே உறைக்குள் வந்த இரட்டையர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"ஒருத்தராவது நம்மள முழுசாப் படிச்சாப் போதும், ஜென்மம் சாபல்யம் ஆயிடும்" என்றது மூத்தது.

"இல்லேன்னா பழைய பேப்பர் கடைதான்" என்றது இளையது.

மூத்ததை மதிப்புரை எழுதும் மணவாளன் சார் வீட்டுக்குக் கொண்டுபோனார். இளையது ஆபீஸ் டீ மேஜையிலேயே கிடந்தது. மறுநாளே ஒரு டீ கிளாஸ் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது.

"சுடுது, கொஞ்சம் தள்ளி உட்காரேன்."

"இந்த ஆபீசுல நான் உட்காராத கவிதையே இல்ல, பேசாம இரு" என்றது கிளாஸ்.

டீ போடும் சகாயமேரி, பால் காயும்வரை சும்மா நிற்பானேன் என்று கிளாசை நகர்த்திவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரைதான் தனக்கு ஓய்வு என்று ஒருத்தி சொல்கிற கவிதை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் நிமிரவில்லை.

"யாருண்ணே இவ? என் அடுப்படியில நின்னு பாத்த மாதிரி எழுதியிருக்கா" என்று டிரைவர் ஜபருல்லாவிடம் வாசித்துக் காட்டினாள். பக்கத்தின் நுனியை மடித்தாள். சாயங்காலம் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். யாரும் தேடவில்லை.

மூன்று மாதம் கழித்து இரட்டையர் அதே மேஜையில் சந்தித்தார்கள். சார் திருப்பிக் கொடுத்துவிட்ட மூத்தது, மறுநாள் பழைய பேப்பர்காரருக்குப் போகவேண்டிய கட்டின் உச்சியில், கசங்காமல் பளபளவென்று இருந்தது. இளையதைச் சகாயமேரி மதியம் படிக்கக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"என்ன இது கோலம்? டீக்கறை, மஞ்சள் கறை, முதுகுல ஒட்டு..."

"மேரியக்கா, அவங்க மதினி, எதிர்வீட்டு நர்சு, பஸ்ஸுல பக்கத்து சீட்டு அம்மா. இதுவரைக்கும் பதினோரு பேர் படிச்சாச்சு. உன்ன?"

மூத்தது உள்ளேயிருந்த பத்திரிகைத் துண்டைக் காட்டியது. "பாரு, அச்சுலயே வந்திருக்கு. 'தமிழர் ஒவ்வொருவரும் தவறாமல் படிக்க வேண்டிய நூல்.'"

"சார் படிச்சாரா?"

மூத்தது துண்டை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. "பின்னட்டையப் படிச்சார்."

"ஏன், அவரு தமிழர் இல்லையா?"

மூத்ததுக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தால் தராசு.

அப்போது பால் பாத்திரத்தோடு வந்த சகாயமேரி கட்டைப் பார்த்தாள். "அட, நம்ம புத்தகம். ஜபருல்லாண்ணே, இத நான் எடுத்துக்கறேன். அதுக்கு இன்னும் நாலு பேரு காத்துக்கிட்டிருக்காங்க."

உருவி எடுத்து, மூன்று விசில் பக்கத்தைத் தேடிப் பிடித்து, நுனியை அழுத்தி மடித்தாள்.

"வலிக்குதா?" என்றது இளையது.

"வலிக்குது" என்றது மூத்தது. "அடுத்த பக்கத்தையும் மடிக்கச் சொல்லேன்."