சுவரோரத்து நாற்காலி

"என்கிட்ட என்ன குறை மேடம்?" என்று கேட்டார் அருளானந்தம்.

மெஹருன்னிசா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

விண்வெளிக்குப் போகிறவர்களைப் பழக்கும் கூடத்தில் அவள்தான் ஆசிரியை. அவரைவிட வயதில் சின்னவள். போர் விமானம் ஓட்டியவருக்கு முதலில் அது உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. ராட்சத ராட்டினத்தில் வைத்துச் சுற்றி நெஞ்சை அமுக்கியபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. கனத்த உடையோடு குளத்துத் தண்ணீருக்கடியில் நாள் முழுக்க வேலை பார்த்தார். எல்லாவற்றிலும் அவர்தான் முதல். ஆனாலும் பயணத்துக்குத் தலைவர் யார் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு, சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார். நீங்க இப்பத்தான் செத்துப் போனீங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"கலத்துக்கு வெளியே போனீங்க. உடை கிழிஞ்சுது. செத்தவங்க பேசக் கூடாது, சைகையும் கூடாது."

இப்படி ஒரு பயிற்சி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாதிரிக் கலம். அதற்குள் அவருடன் பறக்கப்போகிற டெல்பினும் புகழேந்தியும் இருந்தார்கள். மெஹருன்னிசா மைக்கில் செய்தியைச் சொன்னாள்.

"செத்தும் முறைக்கிறாரு பாரு" என்றான் புகழேந்தி.

பாடியை உள்ளே எடுப்பதா, விட்டுவிடுவதா என்று பேசினார்கள். வீட்டுக்கு யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. அருளானந்தத்தின் மனைவி பெயர் இருவருக்குமே தெரியவில்லை.

மெஹருன்னிசா ஒரு பொத்தானை அமுக்கினாள். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றைச் சுத்தம் செய்யும் கருவி நின்றுவிட்டது. பூமியோடு இருந்த தொடர்பையும் துண்டித்தாள்; அவர்கள் பேசுவது மட்டும் இந்தப் பக்கம் கேட்டது.

அருளானந்தம் நிம்மதியாக மூச்சு விட்டார். இந்தக் கருவி அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அது மக்கர் செய்யும்போதெல்லாம், "தள்ளுங்கப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று நொடியில் சரி செய்துவிடுவார்.

டெல்பின் மூடியைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். புகழேந்தியைப் பார்த்தாள்.

"இதுல எதை முதல்ல மூடுவாரு?"

"யாருக்குத் தெரியும்? நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான்."

அருளானந்தம் எழுந்துவிட்டார். "இடது பக்கம் இருக்கிற..."

மெஹருன்னிசா உதட்டில் விரல் வைத்தாள்.

உட்கார்ந்தார். டெல்பின் வலது பக்கத்தைத் திருகினாள். அவருடைய விரல்கள் தொடைமேல் தானாகவே திருகின. புகழேந்தி கையேட்டைத் தாறுமாறாகப் புரட்டினான். விளக்கு அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே பேச்சு நின்றது.

மெஹருன்னிசா எழுந்து, அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலிகளைப் போட்டாள்.

கலத்தின் கதவு திறந்தது. இருவரும் வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

மெஹருன்னிசா ஆறிப்போன தேநீரைக் கையில் எடுத்தாள்.

"என்னமோ கேட்டீங்களே சார்?"

செத்தவர் பேசவில்லை.