தவமணி விரிக்காத இனிஷியல்

கதை கேட்க வந்தவர்கள் வசதியாக உட்காருங்கள். ஆனால் ஒன்று, முடிவில் நான் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது பால் வாங்கப் போகணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று யாரும் நழுவக்கூடாது.

அருப்புக்கோட்டையில் தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருந்தாள் தவமணி. ஆங்கிலத்தில் மனு அடிக்க அவளை விட்டால் அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அதிலும் வார்த்தைகளைச் சுருக்குவதில் மகா கெட்டிக்காரி. மாவட்டம், தாலுகா, பதிவுத் தபால் எல்லாம் அவள் கையில் இரண்டு மூன்று எழுத்தும் ஒரு புள்ளியுமாக முடிந்துவிடும். எப்பேர்ப்பட்ட நீளமான வழக்கும் ஒரே தாளில் அடங்கும். "ஆபீசருங்க முதல் பக்கத்தைத்தான் படிப்பாங்க. ரெண்டாம் பக்கத்துக்குப் போன மனு கிணத்துல போட்ட கல்லுதான்" என்பாள். அதே கடையில் ஜெராக்ஸ் மெஷின் போட்டிருந்த மும்தாஜ் சிரிப்பாள்.

இந்தச் சாமர்த்தியத்துக்குப் பின்னால் ஒரு வீம்பும் இருந்தது. மகள் பூங்கோதை தவழ்கிற வயதில், தவமணியின் கணவன் சுந்தரலிங்கம் வேறொருத்தியோடு போய்விட்டான். போகிறவன் சும்மா போனானா? தெருவே வேடிக்கை பார்க்க, "என் பேரு இல்லாம நீ எப்படிடி பொழைப்பேன்னு பாக்குறேன்" என்று கத்திவிட்டுப் போனான். தவமணியும் லேசுப்பட்டவள் இல்லை. "இனி உன் பேரை என் கையால முழுசா எழுதினா நான் தவமணி இல்லடா!" என்றாள்.

சொன்னபடியே இருந்தாள். பள்ளிக்கூடமோ ரேஷன் கார்டோ, அவள் அடித்த தாள் எல்லாவற்றிலும் 'எஸ். பூங்கோதை' மட்டும்தான். முழுப்பெயர் வேண்டும் என்றவர்களிடம் பிறப்புச் சான்றிதழை நீட்டி, "நீங்களே பாத்து எழுதிக்கோங்க" என்றுவிடுவாள்.

விவரம் தெரிந்த வயதில் பூங்கோதை அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நீ எழுதாத பேரை நானும் எழுத மாட்டேம்மா. இது சத்தியம்" என்றாள். தவமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

பூங்கோதை நர்ஸ் படித்தாள். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளைத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கடைசி நாளன்று மத்தியானம் தவமணி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படபடவென்று அடித்தாள். பெயர் வந்த இடத்தில் வழக்கம்போல எஸ், புள்ளி. கட்டம் சிவந்தது. சுருக்கம் ஏற்கப்படாது, இனிஷியலை விரித்து எழுதவும் என்று வந்தது. தன் பெயரைப் போட்டுப் பார்த்தாள். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்று அதையும் தள்ளிவிட்டது.

"இங்கிலீஷ்காரனே எல்லாத்தையும் சுருக்கித்தானே எழுதுறான், இவனுக்கு மட்டும் என்ன கேடு?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினாள் தவமணி. திட்டினால் கட்டம் பச்சையாகிவிடுமா?

பூங்கோதை எழுந்துவிட்டாள். "விடும்மா. அந்த ஆளு பேரைப் போட்டுத்தான் கிடைக்கணும்னா அந்த வேலையே எனக்கு வேண்டாம். மதுரையில ஆஸ்பத்திரியே இல்லையா?" வாய்தான் சொன்னது. முகம் செத்துப் போயிருந்தது. அந்த வேலைக்காக எத்தனை ஏங்கினாள் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

தவமணி வெளியே போய் முகத்தைக் கழுவினாள். அந்த நேரம் பார்த்து மும்தாஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு, பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அந்தப் பெயரை அடித்துவிட்டாள். கட்டம் பச்சையானது. "ஏக்கா, உன் கையால எழுத மாட்டேன்னுதானே சொன்னே? இது என் கை. அனுப்பிடவா?" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

திரும்பி வந்த தவமணி திரையைப் பார்த்தாள். பிறகு மும்தாஜை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, அந்தப் பெயரை முழுவதும் அழித்தாள். மறுபடி ஒவ்வோர் எழுத்தாகத் தானே அடித்தாள். அடித்து முடித்து, அனுப்பு என்ற பொத்தானையும் அவளே அழுத்தினாள்.

"அம்மா, அந்த ஆளு ஜெயிச்சிட்டான்ல?" என்று பூங்கோதை அழுதாள்.

மும்தாஜுக்குக் கோபம். "நான் அடிச்சதையே அனுப்பியிருந்தா உன் சபதமும் நின்னிருக்கும், புள்ளைக்கு வேலையும் கிடைச்சிருக்கும். அழிச்சிட்டுத் திரும்ப அடிக்க உனக்கென்ன கிறுக்கா?"

சத்தியத்தைக் காக்க வேலையையே உதறத் துணிந்தாள் மகள். சபதமும் கெடாமல் காரியமும் நடக்க வழி பார்த்தாள் தோழி. சபதத்தைத் தன் கையாலேயே முறித்தாள் தாய். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

யோசித்தாயிற்றா? என்னைக் கேட்டால் தவமணிதான். மும்தாஜின் மனசு தங்கம். ஆனால் அவள் வழி தவமணியின் சபதத்தை மட்டுமே காப்பாற்றும். விண்ணப்பம் பூங்கோதையுடையது, அதில் இருப்பதெல்லாம் அவள் எழுதியதாகத்தான் கணக்கு. யார் அடித்தாலும், அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மீறிவிட்டோம் என்ற உறுத்தலோடுதான் அவள் விமானம் ஏறியிருப்பாள். அவள் சொன்னது 'நீ எழுதாத பேரை' என்றுதான். அம்மா எழுதிவிட்டால் மகளைக் கட்டுவது எதுவுமில்லை. அந்தக் கட்டை அவிழ்க்கத் தவமணியின் கையால் மட்டுமே முடியும். சரி, சுந்தரலிங்கம் ஜெயித்தானா? தன் பெயர் இல்லாமல் அவள் எப்படிப் பிழைப்பாள் என்றுதானே கேட்டான்? பிழைத்துக் காட்டி, பிள்ளையையும் ஆளாக்கிவிட்டுத்தான் அவள் அந்தப் பெயரை எழுதினாள். அன்றைக்கு அழுத மகளிடம் தவமணி சொன்னது இவ்வளவுதான்: "ஊரான் அப்பன் பேரையெல்லாம் தினம் அடிக்கிறேன். இதுவும் அதுல ஒண்ணுடி. போய் பெட்டியைக் கட்டு."