சுரங்க வாசலில் நின்ற ஜீப்

ஓர் ஊரின் நடுவே ஒரு குன்று படுத்திருந்தது. குன்றுக்கு மேற்கே வீடுகள். கிழக்கே சந்தை, ஆஸ்பத்திரி, கல்லூரி எல்லாம். ஜனங்கள் காலையும் மாலையும் குன்றைச் சுற்றிச் சுற்றியே அலுத்துப் போனார்கள். கடைசியில் மேலிடத்து நெடுஞ்சாலை இலாகா மனசு வைத்து, குன்றைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை போட்டது.

சுரங்கத்துக்குப் பிறந்த நாளிலிருந்தே சத்தத்தின்மேல் ஒரு பைத்தியம். உள்ளே நுழைந்ததும் ஊர்க்காரர்கள் "ஓ..." என்று கூவுவார்கள். அதுவும் "ஓ..." என்று திருப்பிக் கூவும். பள்ளிக்கூடப் பிள்ளைகளானாலும் சரி, கறுப்புக் கோட்டு வக்கீலானாலும் சரி, கூவாமல் தாண்டியவர் கிடையாது. பூக்காரி முத்தழகி, மொபெட்டின் பின்னால் கூடை ஆட, பாட்டாகவே கூவுவாள். அவள் வந்து போனால் சுரங்கத்துக்கு அன்று முழுக்க உற்சாகம்தான்.

ஒரு நாள் சுரங்கத்தின் வாசலில் ஒரு தடுப்புக் கட்டை வந்து உட்கார்ந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. புதுப் பெயிண்ட் வாசனை. தலைக்கனத்துக்கும் குறைவில்லை.

"அடுத்த மாசத்திலேருந்து காசு கொடுத்தாத்தான் உள்ளே போகலாம். போகவும் காசு, வரவும் காசு" என்றது கட்டை.

சுரங்கத்துக்குப் பகீரென்றது. "முத்தழகி தினம் வந்து போறவளாச்சே. அவ சம்பாதிக்கிறது உனக்கே சரியாப் போயிடுமே?"

"அந்த மாதிரி ஆளுங்க பழையபடி குன்றைச் சுத்தட்டும். இனிமே உனக்குக் கண்ணாடி ஏத்தின பெரிய கார்தான். ஒருத்தரும் கத்த மாட்டாங்க. நிம்மதியாத் தூங்கு."

"தூங்கறதுக்கா என்னைக் குடைஞ்சாங்க?" என்று சுரங்கம் அழுதது. சுவரெல்லாம் நீர் கசிந்தது.

மாநகராட்சியும் சும்மா இருக்கவில்லை. மேயர் திலகவதி மாமன்றத்தைக் கூட்டினார். நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொள்ளும் கட்சிகள்கூட அன்று ஒரே குரலில் 'கட்டணம் வேண்டாம்' என்று தீர்மானம் போட்டன. திலகவதி அதை எடுத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போனார். மேலிடம் காபி கொடுத்தது. வேறொன்றும் கொடுக்கவில்லை.

இந்த அலைச்சலுக்கெல்லாம் அவரைச் சுமந்தது மாநகராட்சியின் கிழட்டு ஜீப். புது வண்டி வாங்க வைத்திருந்த பணத்தில் திலகவதி சாக்கடை கட்டிவிட்டதால், அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஜீப் நடுரோட்டில் நின்றுவிடுவதும், பார்த்தவர்கள் ஓடி வந்து தள்ளுவதும் அந்த ஊரின் வாடிக்கை. கல்யாண மண்டபத்துக்குப் போகிற மாப்பிள்ளைகூட வேட்டியை மடித்துக் கட்டி ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போவார். ஜீப்புக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்னும்.

கட்டணம் தொடங்கும் காலையில் வரிசையின் முதலில் நின்றது அந்த ஜீப்தான்.

"வாடா தள்ளுமாடல்!" என்று கட்டை கேலி செய்தது. "உன்னை எடைக்குப் போடற நாள் எப்போ?"

வசூல் கூண்டிலிருந்த இளைஞர் எழுந்து கும்பிட்டார். "மேயர் வண்டிக்குக் காசு கிடையாதுங்க மேடம். நீங்க போங்க."

"எனக்கு வேண்டாம்னா எப்படி? எனக்குப் பின்னாடி நிக்கிறாங்களே, அவங்களுக்கு? ஒரே ஊர்ல இந்தத் தெருவிலேருந்து அந்தத் தெருவுக்குப் போறதுக்குக் காசு கேட்டா நல்லாவா இருக்கு?" என்றார் திலகவதி.

"நான் என்னங்க பண்றது? மேலிடத்து உத்தரவு."

கட்டை உயர்ந்தது. ஜீப், நீர் கசிந்துகொண்டிருந்த சுரங்கச் சுவரைப் பார்த்தது. ஒரு முறை இருமியது. நின்றுவிட்டது.

"அட, காலையில ஒரே திருப்பில பத்திக்கிச்சே!" என்று டிரைவர் பொன்னுரங்கம் தலையில் கைவைத்தார்.

அடுத்து நின்ற முத்தழகி வழக்கம்போல இறங்கி ஓடி வந்தாள். ஜீப்பில் கைவைத்தவள், கூண்டுப் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, நின்னுபோன வண்டியைத் தள்ளிட்டுப் போனா காசு உண்டா?"

இளைஞர் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். "பழுதான வண்டியைத் தள்ளிட்டுப் போனா இல்லக்கா."

முத்தழகி திரும்பிப் போய்த் தன் மொபெட்டின் இன்ஜினை அணைத்தாள். "அடடா, என்னோடதும் நின்னுடுச்சு!"

அவளுக்குப் பின்னால் ஆட்டோ நின்றது. வக்கீல் கார் நின்றது. டவுன் பஸ் நின்றது. வரிசை நெடுக இன்ஜின்கள் அணைந்தன. சிரித்துக்கொண்டே எல்லோரும் இறங்கினார்கள். பஸ்ஸைக் கண்டக்டரும் பயணிகளுமாகத் தள்ள, ஆளுங்கட்சிக் கவுன்சிலரின் காருக்கு எதிர்க்கட்சிக் கவுன்சிலர் முட்டுக் கொடுத்தார். திலகவதியும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பின் பின்னால் போய் நின்றார்.

"ஐலசா!"

"ஐலசா!" என்றது சுரங்கம். அப்படியொரு சத்தத்தை அது கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் அதன் விளக்கெல்லாம் நடுங்கின.

கட்டைக்குக் கீழே இறங்க நேரமே கிடைக்கவில்லை. இதுவரை அது கண்டதெல்லாம் சக்கரங்களைத்தான். மேலேயிருந்து பார்த்தபோது முதன்முறையாக முகங்கள் தெரிந்தன. வியர்த்து, சிவந்து, சிரிக்கிற முகங்கள். கட்டைக்கு என்னவோ செய்தது.

மறுநாளும் அதே கூத்து. அதற்கும் மறுநாள், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரர்களும் தள்ளினார்கள். கூண்டின் பெட்டியில் காற்றுதான் இருந்தது. மேலிடம் முணுமுணுத்துக்கொண்டே கட்டணத்தை ரத்து செய்தது.

அன்று சாயங்காலம் முத்தழகி, தூக்கியபடியே நின்ற கட்டைக்கு ஒரு சாமந்தி மாலை போட்டாள். ஜீப் பக்கத்தில் வந்து நின்றதும் கட்டை தயங்கித் தயங்கிக் கேட்டது:

"அண்ணே, அன்னைக்கு நெசமாவே நின்னுட்டீங்களா?"

பொன்னுரங்கம் சாவியைத் தொட்டதும் ஜீப் சட்டென்று பற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது. திலகவதி தலையை வெளியே நீட்டி, "ஓ...!" என்று கூவினார். சுரங்கம் கூவியது.

வாசலில் மாலையோடு நின்ற கட்டையும் சேர்ந்து கூவியது.