பன்னிரண்டு கசையடியும் நிலவேம்பு பீரும்

வெண்மணற்கரை நாட்டில் போர் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எதற்காகத் தொடங்கியது என்று கேட்டால் படைத்தளபதியே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். கடலில் எதிரியின் கப்பல்கள் மறித்து நின்றன. துறைமுகத்துக்குச் சரக்கு வரவில்லை.

ஊரில் சாப்பாடு மாறிப்போயிற்று. கோதுமைக்குப் பதில் கேழ்வரகு வந்தது. கேழ்வரகு தீர்ந்ததும் பனங்கிழங்கு மாவு வந்தது. எண்ணெய்க்குப் பதில் வந்தது என்ன என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. மக்கள் முணுமுணுத்தார்கள்.

நாட்டுக்கெல்லாம் பண்டம் அளந்து கொடுப்பவர் களஞ்சியத் தலைவர் நாகநாதர். போர் வேண்டும் என்று சபையில் எல்லாரையும்விட உரக்கக் கத்தியவரும் அவர்தான். முணுமுணுப்பை அடக்க அவர் ஒரு வழி சொன்னார். மன்னர் தீரவர்மர் உடனே ஆணை போட்டார். அதைச் சந்தையில் வாசிக்கும் வேலை பொன்னம்பிக்கு வந்தது. அரச ஆணைகளை எழுதுவதும் வாசிப்பதும் அவன் பொறுப்பு.

"மாற்றுப் பண்டமும் பழைய பண்டமும் ஒன்றே. சுவை மாறிவிட்டது என்று சொல்பவர் எவராயினும், பன்னிரண்டு கசையடி!"

மூன்று பேர் அடி வாங்கினார்கள். அவர்களில் ஒருத்தி பணியாரக்காரி. தன் பணியாரத்தைத் தானே குறை சொன்னாள், பாவம்! அன்று பொன்னம்பிக்குச் சோறு இறங்கவில்லை. வாசித்தது அவன் வாயல்லவா?

மன்னருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அரண்மனைக்குத் தனி இருப்பு. நாள்தோறும் மாலையில் அவருக்கு ஒரு குவளை பீர் வேண்டும். வைக்கோல் நிறத்தில், நுரை ததும்ப, இங்கிலாந்துக் கப்பல்காரர்கள் குடிக்கும் அதே வகை. அதைக் காய்ச்சியவன் தொம்மை. கப்பலில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட தொழில்.

ஆனால் அந்தத் தனி இருப்பிலும் பீருக்கான சாமான் ஒரு நாள் கரைந்தது. முளைகட்டிய பார்லியில் பாதியைக் குறைத்து மக்காச்சோளம் கொடுத்தார் நாகநாதர். பிறகு மீதிப் பாதிக்கும் வெல்லம் கொடுத்தார். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ கப்பலில்தான் வரும். அதற்குப் பதில் நிலவேம்பு கொடுத்தார். விறகையும் குறைத்தார். தண்ணீரை மட்டும் குறைக்கவில்லை.

அப்படிக் காய்ச்சிய பீரை ஒரு மாலை சபையில் மன்னர் ஒரு வாய் குடித்தார். அடுத்த கணம் அது தரையில் கிடந்தது.

"தூ! சுவை மாறிவிட்டது! அடே தொம்மை, இது பீரா, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஷாயமா?"

தொம்மை கைகூப்பினான். "மகாராசா, கொடுத்த சாமானை வைத்துத்தான்..."

நாகநாதர் குறுக்கே புகுந்தார். "சாமானைக் குறை சொல்லாதே! மாற்றுப் பண்டமும் பழைய பண்டமும் ஒன்று என்பது சட்டம். அப்படியானால் குறை எங்கே? உன் கையில்!"

சபை தலையாட்டியது. மன்னரும் தலையாட்டினார். "நாளைக் காலை இவனுக்குப் பன்னிரண்டு கசையடி. காய்ச்சும் கலத்தை உடைத்துவிடுங்கள்."

தொம்மை பொன்னம்பியைப் பார்த்தான். "அண்ணே, அடியைக்கூடத் தாங்கிக்குவேன். கலத்தை உடைச்சா நான் எதைக் கொண்டு பிழைப்பேன்?"

பொன்னம்பி எழுந்தான். "மன்னவா, ஒரு சின்ன விஷயம். தங்கள் வாய்க்குப் போகும் எதையும், அதற்குச் சாமான் கொடுத்தவர்தான் முதலில் குடித்துக் காட்ட வேண்டும். நஞ்சுக்குப் பயந்து தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம் அது. இன்று மறந்துவிட்டோம்."

"ஆமாம்!" என்றார் மன்னர். "நாகநாதரே, குடியும்."

நாகநாதர் குவளையை வாங்கினார். குடித்தார். இடது கண் தானாக மூடிக்கொண்டது.

"ஐயா, சுவை எப்படி?" என்று பொன்னம்பி பணிவாகக் கேட்டான். "மாறியிருக்கிறதா?"

நாகநாதர் வாயைத் திறந்தார். வாசலில் சவுக்கோடு நின்ற காவலனைப் பார்த்தார். வாயை மூடினார்.

"மாறவில்லை," என்றார் மெல்ல.

"சபைக்குக் கேட்கவில்லை, ஐயா. இன்னொரு குவளை குடித்துவிட்டுச் சொல்லுங்கள்."

இரண்டாவது குவளையும் உள்ளே போயிற்று. இப்போது இரண்டு கண்களும் மூடிக்கொண்டன. "துளிகூட மாறவில்லை! அமிர்தம்!"

"கேட்டீர்களா, மன்னவா? சாமானும் சரி, சுவையும் சரி. அப்படியென்றால் தொம்மையின் கையிலும் குறை இல்லை. ஆனால் ஒரு சிக்கல். சுவை மாறிவிட்டது என்று இந்தச் சபையில் ஒருவர் உரக்கச் சொன்னார். நாற்பது பேர் கேட்டிருக்கிறோம். அவருக்குப் பன்னிரண்டு."

"யார் அவன்?" என்று மன்னர் கர்ஜித்தார்.

பொன்னம்பி மன்னரின் காலடியில் கிடந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மன்னரும் குனிந்து பார்த்தார். அவர் காது சிவந்தது.

"ஆணையில் 'எவராயினும்' என்று இருக்கிறதோ?"

"நான்தான் எழுதினேன், மன்னவா. தாங்கள்தான் முத்திரை வைத்தீர்கள். பணியாரக்காரிக்கும் அதே சொல்லைக் காட்டித்தான் அடித்தோம்."

மன்னர் சிம்மாசனத்தில் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அந்த ஓலையைக் கொண்டுவா, கிழித்துவிடுகிறேன்! தொம்மை, உன் கலத்தை எடுத்துக்கொண்டு போ. அடிபட்ட மூவருக்கும் என் இருப்பிலிருந்து ஆளுக்கொரு மூட்டை கோதுமை. பொன்னம்பி, உனக்கு என்ன வேண்டும்?"

"எதுவானாலும் சரி, மன்னவா. அந்தப் பீர் மட்டும் வேண்டாம்."

"அது உனக்கில்லை. அமிர்தம் என்று சொன்னவருக்குத்தான் அது. நாகநாதரே, போர் முடியும்வரை நாள்தோறும் இரண்டு குவளை, என் கண்ணெதிரில்!"

நாகநாதர் எட்டு நாள் குடித்தார். ஒன்பதாம் நாள் சபை கூடியதும், சமாதானத் தூது அனுப்ப வேண்டும் என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் அவர்தான்.