நாலாம் நாள் எள்ளுருண்டை

பிள்ளை பெற்றவர்களே, பிள்ளையாய் இருப்பவர்களே, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இந்தக் கதையில் ராஜா இல்லை, மந்திரி இல்லை. ஒரு வணிகன் உண்டு. அவன் வீட்டில் எலி உண்டு. எலியைவிடத் தான் கெட்டிக்காரன் என்று அவனுக்கு ஒரு நினைப்பும் உண்டு.

பாய்மரம் கட்டிக் கப்பல் ஓடிய காலம் அது. கடலோரப் பட்டணம் ஒன்றில் வயிரவன் என்ற எள் வணிகன் வாழ்ந்தான். அவன் மனைவி உமையாள். கோயில் கோயிலாக ஏறி இறங்கி அவர்கள் பெற்ற ஒரே மகள் தேனம்மை. வயது நாலு, வாய் மட்டும் நாற்பது.

வயிரவனின் வியாபாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒருவன் எள் வாங்க வந்தால் முதல் தடவை நல்ல எள் கொடுப்பான். இரண்டாம் தடவையும் நல்ல எள். மூன்றாம் தடவையும் நல்ல எள். இனி இவன் மூட்டையைப் பிரித்துப் பார்க்கமாட்டான் என்று தெரிந்ததும், நாலாம் தடவை மண்ணைக் கலந்து கட்டிவிடுவான். "நம்ப வைக்கிற வரைக்கும்தான் செலவு, அப்புறம் எல்லாம் வரவு" என்று சொல்லிச் சிரிப்பான். கேட்டவர்களும் சிரிப்பார்கள். பணக்காரன் சொன்னால் எதுதான் வேடிக்கையில்லை?

அந்த வீட்டுச் சரக்கறைக்கு எலி வந்து சேர்ந்தது. ஒன்று பத்தாயிற்று. மூட்டையைக் கடித்தன, துணியைக் கடித்தன, கடைசியில் தூங்குகிற தேனம்மையின் கால்விரலையும் கடித்தன. குழந்தை வீறிட்டு அழுதாள்.

உமையாள் கணவனிடம் போனாள். "நான் சொல்றதக் கேளுங்க. மூணு வேலை செஞ்சாப் போதும். தரையில சிந்துற எள்ள அன்னன்னைக்குக் கூட்டி அள்ளணும். மூட்டைய மண்ணுல கிடத்தாம பலகை மேல ஏத்தணும். எலி வளைய எல்லாம் ஓட்டுச்சில்லும் சுண்ணாம்பும் வச்சு அடைக்கணும். திங்கவும் இல்ல, நொழையவும் வழியில்லன்னா அதுங்களே வேற இடம் பாத்துப் போயிடும்."

"அதெல்லாம் கூலிக்காரன் வேலை" என்றான் வயிரவன்.

"ஒரு பூனையாச்சும் வளப்போம்."

"அதுக்கு யாரு பால் ஊத்துறது?"

"அப்ப பொறி வைங்க."

"ஒண்ணொண்ணாப் பிடிச்சு என்னைக்கு முடியும்? எனக்கு ஒரே நாள்ல ஒழியணும்."

கடைத்தெருவில் மருந்துச் சரக்கு விற்கிறவனிடம் போய் எலிப்பாஷாணம் கேட்டான். விற்கிறவன் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டான்: "வீட்டுல சின்னப் பிள்ளைங்க உண்டா, செட்டியாரே?"

"இருந்தா என்ன? எலிக்கு வைக்கிறத எலிதானே திங்கும்?"

"எலி லேசுல திங்காது. புதுசா எதக் கண்டாலும் சந்தேகப்படும்."

"நம்ப வைக்கிற வித்தைய எனக்கா சொல்லித் தர்றே?" என்று சிரித்தான் வயிரவன். விற்கிறவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. விற்றுவிட்டான். விற்கிறவன் அக்கறை அவ்வளவுதான்.

முதல் நாள், நல்ல எள்ளும் கருப்பட்டியும் சேர்த்துப் பிடித்த இரண்டு எள்ளுருண்டைகளை வாங்கி வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் வைத்தான். நஞ்சு கிடையாது, சுத்தமான உருண்டை. மனைவியிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் நூறு கேள்வி கேட்பாள் என்று பயம்.

அந்தச் சந்தில் பெரியவர்கள் நுழைய முடியாது. நாலு வயதுப் பிள்ளை நுழையலாம். தனியாக ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த தேனம்மை, அப்பன் கை நீண்டு உருண்டையை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவளோடு ஒருநாளும் விளையாடாத அப்பச்சி, இன்று அவளுக்காகத் தின்பண்டம் ஒளித்து வைத்து விளையாடுகிறார்! ஒன்றை எடுத்துத் தின்றாள். மற்றதை வளை வாசலுக்கு உருட்டிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. இனிமே காலக் கடிக்கக் கூடாது, என்ன?" என்று எலிகளோடு சமாதானமும் பேசிக்கொண்டாள்.

வளைக்குள் ஒரு கிழட்டுப் பெண் எலி இருந்தது. எத்தனையோ பொறிக்கும் பூனைக்கும் தப்பிய எலி அது. "மனுசன் குடுக்கிறதத் திங்கிறதுக்கு முன்னால அவன் கையப் பாருங்க" என்று குட்டிகளுக்குச் சொல்லிவைத்திருந்தது. கை வெறுங்கையாக இருந்தது. குழந்தையும் தின்றுவிட்டுக் குதித்துக்கொண்டு போனாள். அதன்பிறகே எலிகள் தின்றன.

இரண்டாம் நாளும் நல்ல உருண்டை. மூன்றாம் நாளும் நல்ல உருண்டை. சந்து வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த வயிரவன், "மாட்டிக்கிச்சு" என்று தொடையைத் தட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் உமையாள் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வாயில என்னடி எள்ளு?"

"அது அப்பச்சி விளையாட்டு" என்றாள் குழந்தை. உமையாளுக்குக் கண் நிறைந்தது. இந்த மனுஷனுக்கும் இளகிய மனசு ஒன்று இருக்கிறதே என்று பூரித்துப்போனாள். சாயங்காலம் சோறு போடும்போது சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்: "உங்க மக இன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா..."

"காலையில சொல்லு. வண்டி வருது, எனக்கு வேலையிருக்கு" என்று வயிரவன் எழுந்துபோய்விட்டான். அந்த ஒரு பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால், நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை.

நாலாம் நாள், உமையாள் எழுவதற்கு முன்பே, உருண்டைகளில் பாஷாணம் கலந்தான். இலைத்துண்டால் பிடித்துச் சந்தில் வைத்தான். வைத்ததும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

கிழட்டு எலி பார்த்தது. "மூணு நாளு வெறுங்கையால வச்சவன் இன்னைக்கு இலையால வைக்கிறான். வச்சுட்டுக் கையையும் கழுவுறான். ஒருத்தரும் தொடாதீங்க" என்றது.

எலிக்கு அவன் பகைவன். அதனால் அவன் கையைப் பார்த்தது. தேனம்மைக்கு அவன் அப்பன். அப்பன் கையை எந்தப் பிள்ளை சந்தேகப்பட்டுப் பார்க்கும்?

பொழுது சாயும் முன் குழந்தை சுருண்டுவிட்டாள். வைத்தியர் ஓடிவந்து நாடி பிடித்தார். என்ன தின்றாள் என்று கேட்டார். "வீட்டுச் சோறுதான்" என்றாள் உமையாள். அப்போது தேனம்மை கண்ணைத் திறந்து, அப்பனைப் பார்த்து, பெருமையாகச் சொன்னாள்.

"அப்பச்சி, இன்னைக்கும் நான் கண்டுபிடிச்சிட்டேன்."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, வயிரவன் மூட்டைகளை இழுத்துத் தள்ளிச் சந்துக்குள் போனான். வளை வாசலில் ஓர் உருண்டை கிடந்தது. எலிக்கென்று அவள் வைத்த பங்கு. ஒரு பல்கூடப் படவில்லை. அவன் அதை எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

பின்னாலேயே வந்த உமையாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "செத்துத் தப்பிக்கப் பாக்குறீங்களா? அது முடியாது. இருங்க. இருந்து இந்த வளைய அடைங்க."

வயிரவன் தரையைக் கூட்டினான். மூட்டைகளைப் பலகையில் ஏற்றினான். வளைகளை அடைத்தான். மூன்று வேலையும் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிட்டன. தின்னக் கிடைக்காத எலிகள், கிழட்டு எலி முன்னே நடக்க, குட்டிகளோடு வேறு இடம் பார்த்துப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒன்றுகூடக் குறையவில்லை. குறைந்தது அந்த வீட்டில்தான்.

கதை கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் மூலை முடுக்கெல்லாம் ஒருமுறை பாருங்கள்: பகைக்கென்று இனிப்பில் பொதிந்து வைத்த நஞ்சைப் பகை தொடாது, நம்மை நம்பிய பிள்ளைதான் தொடும்.